ஒரு துளை தவறினால் ஸ்டியரிங் தவறும்: ஜீப்பை உயர்த்துவோர் அறிய வேண்டியவை

மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்தின் உட்பாதையில் போய் வந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். பழம் ஏற்றும் லோரிகள் உழுது போட்ட இரண்டு ஆழமான பள்ளங்கள், நடுவே ஒரு மேடு, அந்த மேட்டில் புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பழைய அடிக்கட்டை. 1980களின் சுசுகி எஸ்.ஜே.410 போன்ற பழைய ஜீப்புகளில் அந்தக் கட்டை பல நேரம் டயருக்கோ பம்பருக்கோ சிக்குவதில்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்தபடி தாழ்வாக ஓடும் ‘டை ராட்’ என்ற இரும்புக் கம்பியில் போய் இடிக்கிறது. அது வளைந்தால் ஒரு சக்கரம் நேராகவும் மற்றது கோணலாகவும் நிற்கும். வண்டியும் அங்கேயே நின்றுவிடும்.

அதனால்தான் ஜீப் வைத்திருப்பவர்களில் பலர் அந்தக் கம்பியைக் கீழிருந்து மேலே தூக்கி வைக்க நினைக்கிறார்கள். தோட்டத்து வேலைக்கு ஓட்டுபவர்கள் மட்டுமல்ல, வார இறுதியில் நண்பர்களோடு காட்டுக்குள் போகிற பட்டணத்து இளைஞர்களும் இதைச் செய்கிறார்கள். 1997இல் நம் நாட்டில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்குப் பிறகு, ஜீப்பை உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும் சின்னப் பட்டறைகள் வரை வந்து சேர்ந்த வேலையாகிவிட்டது.

கம்பியை மேலே வைக்க வேண்டுமானால், அது பொருந்தும் துளையை மாற்ற வேண்டும். “டிரில் இருக்கிறது, அரை மணி நேர வேலை” என்று சொல்லித் தொடங்குகிற பட்டறைகள் உண்டு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டியரிங் பாகத்தில் இருக்கும் துளை, நம்பர் பிளேட் மாட்டப் போடும் துளையைப் போன்றதல்ல.

உயர்த்தினால் ஏன் ஸ்டியரிங் மாறுகிறது?

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சட்டத்தில் பொருத்தப்பட்ட ஸ்டியரிங் பெட்டியின் அடியில் உள்ள பிட்மேன் ஆர்ம் அசைகிறது. அது ‘டிராக் லிங்க்’ என்ற கம்பியை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. அந்தக் கம்பியின் மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் திருப்புகிறது. ஒரு பக்க நக்கிள் திரும்பினால் மறுபக்க நக்கிளையும் சேர்த்துத் திருப்புவது டை ராட்டின் வேலை. வண்டிக்கு வண்டி இந்தக் கம்பிகள் பொருந்தும் இடம் சற்று மாறினாலும் கெட்டி ஆக்சில் வண்டிகளில் வேலை இதுதான்.

இதில் பெட்டி சட்டத்தோடு இருக்கிறது, நக்கிள் ஆக்சிலோடு இருக்கிறது. சட்டத்தை உயர்த்தினால் இரண்டுக்கும் நடுவே உள்ள டிராக் லிங்க் சரிந்து தொங்கும். ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைக்கும் முறையில் ஜிம்னி போன்ற சின்ன வண்டிகூடச் சுமார் 5 அங்குலம் உயர்ந்துவிடும்.

சரிந்த கம்பி என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 800 மி.மீ. நீளமுள்ள டிராக் லிங்க் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேட்டில் ஏறி ஆக்சில் 50 மி.மீ. மேலே போனால், கம்பியின் முனை பக்கவாட்டில் 1.6 மி.மீ. அளவே நகரும். ஓட்டுபவருக்கு அது தெரியாது. அதே கம்பி 5 அங்குல உயர்வினால் சரிந்து நின்றால், அதே 50 மி.மீ. மேட்டுக்கு முனை 6 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் தள்ளும், ஏறக்குறைய நான்கு மடங்கு. ஓட்டுநர் கையை அசைக்காமலேயே சக்கரம் இரண்டு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். குழி விழுந்த சாலையில் ஜீப் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்று சிலர் சொல்வது பல நேரம் இதைத்தான். இதற்கு டயரையும் அலைன்மென்ட்டையும் குறை சொல்லிப் பணம் செலவழித்தவர்கள் ஏராளம்.

ஆகவே கம்பியின் முனையை நக்கிளுக்கு மேலே கொண்டுபோக நினைப்பதில் நியாயம் இருக்கிறது. சரிவு குறையும், அடிக்கட்டைக்கும் எட்டாது. அதை எப்படிச் செய்கிறோம் என்பதே பிரச்சினை.

துளைக்குள் ஒரு ஆப்பு

டை ராட்டின் முனையில் உள்ள பால் ஜாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நட்டைக் கழற்றிய பிறகும் அது எளிதில் வெளியே வராது. பக்கத்தில் சுத்தியலால் தட்ட வேண்டும், அல்லது புல்லர் போட்டு இழுக்க வேண்டும். காரணம், அந்தத் தண்டு நேர் உருளையாக இல்லை. அடி பருத்து, நுனி சிறுத்த கூம்பு வடிவம். பட்டறையில் ‘டேப்பர்’ என்பார்கள். அது போய் உட்காரும் துளையும் அதே சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும்.

பிக்காஸ் பிடித்து வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. காம்பின் சிறுத்த முனையில் இரும்பைக் கோத்து, பருத்த முனை வரை இறக்கி, தலைகீழாகத் தரையில் இரண்டு குத்து குத்தினால் இரும்பு இறுகிக்கொள்ளும். ஆணி வேண்டாம். வேலை செய்யச் செய்ய இன்னும் இறுகும். பால் ஜாயின்ட்டின் தண்டும் அப்படித்தான். நட்டு செய்வதெல்லாம் ஆப்பை உள்ளே இழுத்துப் பிடிப்பது மட்டுமே. சக்கரம் கல்லில் மோதும்போது வரும் விசையைத் தாங்குவது கூம்பின் முழு மேற்பரப்பு. தண்டும் துளையும் சுற்றிலும், மேலிருந்து கீழ் வரை ஒட்டியிருக்கும் வரை அந்த இணைப்பு அசையாது.

பரவலாகப் பயன்படும் ஒரு சரிவு 1-க்கு 8. அதாவது 8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். எல்லா வண்டிக்கும் இதே சரிவு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் பால் ஜாயின்ட் வேறொரு நிறுவனத்தின் நக்கிளில் ‘போய் உட்காருகிறது’ என்பதற்காக அது பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. மேல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு கீழே காற்றில் நிற்கலாம். கையால் ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும்.

மேலிருந்து ரீமர் விட்டால்...

கீழிருந்து மேலே நுழையும்படி அமைந்த துளையில், பருத்த வாய் கீழே இருக்கும். கம்பியை மேலே வைத்துத் தண்டைக் கீழ்நோக்கி இறக்க வேண்டுமானால் பருத்த வாய் மேலே வர வேண்டும். உடனே தோன்றுகிற யோசனை: கூம்பு ரீமரை வாங்கி மேலிருந்து விட்டுக் கடைந்துவிடலாம். பலர் செய்கிற தவறு இது.

எண்களில் பார்ப்போம். ஆர்மின் கனம் 20 மி.மீ., பழைய துளை கீழே 15 மி.மீ., மேலே 12.5 மி.மீ. என்று கொள்வோம். ரீமரை மேலிருந்து இறக்கி மேல் வாயை 15 மி.மீ. ஆக்கினால், புதிய கூம்பு கீழே போகப் போகச் சிறுக்கும். பழைய கூம்போ கீழே போகப் போகப் பருக்கும். இரண்டும் சரியாக நடுவில், 13.75 மி.மீ. விட்டத்தில் சந்திக்கும். அதற்குக் கீழே ரீமர் தொடுவதற்கு இரும்பே இல்லை. கிடைப்பது உடுக்கை வடிவத் துளை. மேலும் கீழும் அகன்று, இடுப்பு சிறுத்திருக்கும்.

அந்தத் துளையில் தண்டை இறக்கினால் மேல் 10 மி.மீ. மட்டும் ஒட்டும். கீழ்ப் பாதியில் தண்டு எதையும் தொடாது. அடி வாயில் 12.5 மி.மீ. தண்டைச் சுற்றி 15 மி.மீ. ஓட்டை இருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இந்த இடைவெளி போகாது. ஒவ்வொரு குழியிலும் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடும். ஆடினால் உரசும், உரசினால் தேயும், தேய்ந்தால் இன்னும் ஆடும். முடிவில் தண்டு முறியலாம், துளை நீள்வட்டமாகலாம், நட்டு தளரலாம். எது முதலில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நடக்கும்போது வண்டி நின்றுகொண்டிருக்காது.

பழைய கூம்பை முழுதாக அழிக்க வேண்டுமானால் புதிய துளையின் சிறுத்த வாயே 15 மி.மீ. இருக்க வேண்டும், மேல் வாய் 17.5 மி.மீ. ஆகும். அதற்கேற்ற பெரிய தண்டுள்ள பால் ஜாயின்ட் தேவைப்படும். சிலர் பெரிய வண்டியின் ஜாயின்ட்டைப் போடுவதற்குக் காரணம் இதுதான். ஆர்மில் அதற்குச் சதை இருந்தால் அது நேர்மையான வழி.

உறை போடும் முறை

மற்றொரு வழி, கூம்பு உறை. வெளிப்புறம் நேர் உருளை, உட்புறம் கூம்பு, பருத்த வாய்ப் பக்கம் ஒரு சின்ன விளிம்பு. பழைய துளையை முழுவதும் நேர் துளையாகப் பெரிதாக்கி, இந்த உறையை மேலிருந்து இறுக்கமாக அழுத்திப் பொருத்த வேண்டும். தண்டு மேலிருந்து உறைக்குள் இறங்கும். துளையின் மையம் மாறாததால் சக்கரங்கள் திரும்பும் கோணக் கணக்கும் பெரிதாகக் கெடாது. விளிம்பு எப்போதும் தண்டு நுழையும் பக்கமே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் நட்டை முறுக்க முறுக்க உறை துளையிலிருந்து நழுவும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆர்மின் முனை 32 மி.மீ. அகலம் என்றால், 15 மி.மீ. துளையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 8.5 மி.மீ. இரும்பு இருந்தது. 19 மி.மீ. துளை போட்டதும் அது 6.5 மி.மீ. ஆகிவிடும். ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. வண்டி செய்தவர்கள் வைத்திருந்த பாதுகாப்பு அளவிலிருந்துதான் இதைக் கடன் வாங்குகிறோம். டயரைப் பெரிதாக்கி, எடையைக் கூட்டி, அதே நேரத்தில் ஆர்மை மெலிய வைப்பது எதிரெதிர்த் திசையில் போகிற காரியம். முனை சிறியதாக இருக்கும் நக்கிளில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அளந்து பார்த்த பிறகு “முடியாது” என்று சொல்லத் தெரிந்த ஃபோர்மேன்தான் நம்பத்தக்கவர்.

டிரில் பிடிக்கும் வேலை

நக்கிளை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, படுத்தபடி கை டிரிலால் துளையைப் பெரிதாக்குவதைச் சில பட்டறைகளில் காணலாம். இதைப் பார்த்தால் வண்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கை எவ்வளவு நிதானமானதாக இருந்தாலும் 2 டிகிரி சாய்வது சாதாரணம். 20 மி.மீ. கனத்தில் அது 0.7 மி.மீ. கோணலாகும். அந்தத் துளையில் உறை ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் இடைவெளி விட்டு நிற்கும்.

நக்கிளைக் கழற்றி, நின்ற டிரில் மெஷினிலோ மில்லிங் மெஷினிலோ இறுகக் கட்டித்தான் இதைச் செய்ய வேண்டும். நட்டு உட்காரும் கடைந்த முகத்தை அடிப்படையாக வைத்து, துளை அதற்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே துளையுள்ள இடத்தில் டிரிலின் நுனிக்குப் பிடிமானம் கிடையாது. பழைய கூம்பின் சுவர்கள் அதைப் பிடித்து இழுக்கும், மெஷினே அதிரும், துளை மூன்று முக்கில் போய் முடியும். அதனால் ஒரே தாவலில் 15-லிருந்து 19-க்குப் போகாமல் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போய், கடைசி அரை மில்லிமீட்டரை ரீமரிலோ போரிங் முறையிலோ எடுப்பார்கள் அனுபவசாலிகள். லேத் கடைகளில் போரிங் வசதி இருந்தால் இதை அங்கே கொடுப்பதே மேல்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். பெரிய டிரிலுக்கு மெதுவான சுற்று. சாதாரண ஹை ஸ்பீட் ஸ்டீல் டிரிலால் கெட்டியான எஃகில் 19 மி.மீ. துளை போட நிமிடத்துக்குச் சுமார் 250 முதல் 330 சுற்று போதும். 6 மி.மீ. டிரிலுக்கு 1,000 வரை போகலாம். பல கை டிரில்கள் 2,000 சுற்றுக்கும் மேல் ஓடுபவை. எஃகுத் துகள் நீலமாக வெளிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது, டிரில் மழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூம்பு ரீமருக்கு இன்னும் மெதுவான ஓட்டம் வேண்டும். வெட்டும் எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். ரீமரைப் பின்பக்கமாகத் திருப்பவே கூடாது. திருப்பினால் அதன் வெட்டு முனைகள் உடையும்.

நக்கிள் எந்த உலோகம் என்பதைத் துகளே காட்டிக்கொடுக்கும். சுருள் சுருளாக நீண்டு வந்தால் எஃகு. பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு வகை. வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமலேயே துளையிடுவது வழக்கம். இந்த வேறுபாடு வெல்டிங் பற்றி யோசிக்கும்போது உயிர்போகிற விஷயமாகிறது.

கையுறை போட்டுக்கொண்டு டிரில் மெஷின் அருகில் நிற்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுழலும் டிரில் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது.

துளை போட்டு முடிந்ததும் அதன் இரு விளிம்புகளிலும் கூரான பிசிறு நிற்கும். அதை எடுத்து, விளிம்பை இலேசாகச் சாய்த்துவிட வேண்டும். அழகுக்காக அல்ல. கூரான விளிம்பிலும் டிரில் கீறிய கோட்டிலும்தான் வெடிப்பு பிறக்கிறது. ஸ்டியரிங் பாகத்தில் விசை ஒரு பக்கம் மட்டும் வருவதில்லை. இடமும் வலமும் மாறி மாறி ஆயிரக்கணக்கான முறை வருகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல, அந்தக் கீறலிலிருந்து வெடிப்பு மெல்ல வளரும்.

நீல மையும் மூத்த ஃபிட்டர்களும்

வேலை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோட்டத்துத் தொழிற்சாலைகளில் ஃபிட்டராக இருந்த மூத்தவர்கள் பழைய என்ஜின் பேரிங்குகளை நீல மை தடவிச் சுரண்டிப் பொருத்தியதைப் பலர் சிறுவயதில் பார்த்திருப்பார்கள். அதே முறைதான் இதற்கும். தண்டின் கூம்பில் நீல மையை மெல்லிய படலமாகத் தடவி, துளைக்குள் இறக்கி, சற்றே திருப்பி வெளியே எடுக்க வேண்டும். மை எங்கே துளையில் ஒட்டியிருக்கிறதோ அங்கே தொடுகிறது. சுற்றிலும் மேலிருந்து கீழ் வரை முக்கால் பங்குக்குக் குறையாமல், சீராக ஒட்டியிருந்தால் பொருத்தம் நன்று. மேலே ஒரு வளையம் மட்டும் நீலமாக இருந்தால் அது உடுக்கைத் துளை, அல்லது சரிவு வேறு. மை கிடைக்காவிட்டால் மார்க்கர் பேனாவால் தண்டில் நீளவாக்கில் நான்கு கோடு போட்டுப் பார்க்கலாம். துல்லியம் குறைவு, ஆனால் பெரிய தவறைக் காட்டிவிடும்.

வாடிக்கையாளர் இந்தச் சோதனையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஐந்து நிமிட வேலை. மறுக்கிற பட்டறைக்கு மறுக்கக் காரணம் இருக்கும்.

அடுத்தது நட்டு. தண்டு சரியான ஆழத்தில் உட்கார்ந்தால், கோட்டை மதில் போன்ற பல் வைத்த நட்டை முறுக்கியதும் கோட்டர் பின் போகும் துளை அந்தப் பற்களுக்கு நடுவே தெரியும். துளையைக் கொஞ்சம் அதிகமாகக் கடைந்திருந்தால் தண்டு ஆழமாக இறங்கிவிடும். மரை தீர்ந்துபோய் நட்டு நின்றுவிடும், ஆனால் கூம்பு இறுகியிருக்காது. இதை மறைக்க இரண்டு மூன்று வாஷர்களை அடுக்கி வைப்பார்கள். ஸ்டியரிங் முனையில் வாஷர் அடுக்கைக் கண்டால் அந்தத் துளை கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நட்டை வண்டி நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது.

வெல்டிங், சூடாக்கி வளைத்தல், நேர் போல்ட்

உறை ஆடுகிறது என்றால் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு வகை நக்கிளில் வெல்டிங் செய்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி போல் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். வெளியே அழகான வெல்டிங்காகத் தெரியும், வெடிப்பு அதன் ஓரத்திலேயே ஓடும். அடித்து உருவாக்கிய எஃகு ஆர்மிலும், தொழிற்சாலையில் கொடுத்த வெப்பப் பதம் வெல்டிங் சூட்டில் கெடும். கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி டிராக் லிங்க்கையோ பிட்மேன் ஆர்மையோ வளைக்கும் பழக்கமும் இதே ரகம்தான். பழைய காலத்தில் அப்படி ஓட்டினார்கள் என்பது உண்மைதான். அப்போது 31 அங்குல டயரும் பவர் ஸ்டியரிங்கும் அந்தக் கம்பியைத் தள்ளவில்லை.

கூம்பே வேண்டாம் என்று துளையை நேராக்கி, போல்ட்டும் ராட் எண்ட் ஜாயின்ட்டும் போடுபவர்களும் உண்டு. போட்டி வண்டிகளில் இது காணப்படும். அங்கே பெரும்பாலும் போல்ட்டை இரு பக்கமும் தாங்கும்படி கவை போல் அமைத்திருப்பார்கள். ஆர்மின் ஒரு பக்கம் மட்டும் ஜாயின்ட்டை வைத்து, உயரத்துக்குக் குழாய்த் துண்டு போட்டு நீள போல்ட்டால் முறுக்கினால், அந்த போல்ட் ஒவ்வொரு குழியிலும் வளையப் பார்க்கும். தவிர, பெரும்பாலான ராட் எண்ட்களுக்கு ரப்பர் உறை கிடையாது. நம் செம்மண் சேற்றில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

துளையே போடாத வழியும் சில வண்டிகளில் உண்டு. பழைய கெட்டி ஆக்சில் டொயோட்டா லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் வண்டிகளில் நக்கிளின் மேல் பக்கம் நான்கு ஸ்டட்களும் கூம்பு வாஷர்களும் வைத்து முறுக்கும் தளம் இருக்கிறது. அங்கே உயர ஸ்டியரிங்குக்கென்றே செய்த ஆர்மைப் பொருத்தலாம். செலவு கூடுதல்தான். ஆனால் கடைந்த துளையை விட ஒரே பாகமாகச் செய்யப்பட்ட ஆர்ம் எப்போதும் மேல். இன்றைய ஹைலக்ஸ், டிரைட்டன் போன்றவற்றில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அவற்றின் ஸ்டியரிங் அமைப்பே வேறு, இங்கே சொன்ன முறை எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

பொருத்திய பின்

கம்பி மேலே போனதும் புதிய அண்டை வீட்டாரைச் சந்திக்கிறது: பட்டை ஸ்பிரிங், சட்டம், என்ஜினின் எண்ணெய்த் தொட்டி. சமதரையில் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி தெரியும். ஒரு சக்கரத்தை உயரமான கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதே நேரத்தில் பால் ஜாயின்ட் தன் எல்லைக்கு மேல் வளைகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு அலைன்மென்ட்.

முதல் வாரம் ஓட்டிய பிறகு நட்டுகளைத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதன் பின் மாதம் ஒரு முறை இருவர் சேர்ந்து செய்யும் எளிய சோதனை போதும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தண்டுக்கும் துளைக்கும் நடுவே அசைவு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும். இணைப்பைச் சுற்றிக் காவி நிறத்தில் மெல்லிய துரு மாவு படிந்திருந்தால், அதுவும் உள்ளே உரசல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். வெடிப்பு சந்தேகம் வந்தால் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் கொண்ட ஸ்பிரே பெட்டி இருக்கிறது. துடைத்த பின்னும் வெள்ளையில் சிவப்புக் கோடு எழுந்தால் அது வெடிப்பு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு ஜே.பி.ஜே. அனுமதி தேவை. வாகனப் பரிசோதனையில் ஸ்டியரிங்கும் பார்க்கப்படுகிறது. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். “தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம்” என்ற சமாதானமும் முழுமையானதல்ல. தோட்டத்து ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளி பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் யாரும் அந்தத் துளையைப் பார்த்ததில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முன்னவர் என்ன செய்தார் என்பது சாயத்துக்கும் கிரீஸுக்கும் கீழே மறைந்திருக்கும். டை ராட் ஆர்முக்கு மேலே இருக்கிறதா, அந்த மாடலில் அது கீழேதானே இருக்க வேண்டும், அடுக்கிய வாஷர் உண்டா, ஆர்மைச் சுற்றி வெல்டிங் தெரிகிறதா என்று விளக்கு பிடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வெட்டிய பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடையில் நக்கிள் வாங்கும்போதும் துளையின் இரு வாய்களையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்து நடு சிறுத்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் அந்த ஆர்மைக் குறுக்காக வெட்டிவிட வேண்டும். முழுதாகப் போட்டால் அது இன்னொரு ஜீப்பில் ஏறிவிடும்.